மூன்று பிள்ளைகளோடு போன என் சீவி

வேலைக்கு அனுப்பிய என் முதல் சீவியின்படி, அதாவது சுயவிபரக் கோவையின்படி, எனக்கு நீச்சல், வாசிப்பு, தபால் முத்திரை சேர்த்தல் ஆகியவற்றில் பெரும் ஆர்வம். திருகோணமலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் கடல்தான் வந்து நிற்கும். ஆனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் நான் அலறத் தொடங்கிவிடுவேன். முத்திரையைக் கடைசியாக எப்போது கையால் தொட்டேன் என்பதே நினைவில்லை.

அந்தச் சீவியைத் தயாரித்தவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் என் தோழி. கிண்ணியாக்காரி. உயர்தரத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய கணினியில் ஒரேயொரு சீவிதான் இருந்தது. பெயரையும் முகவரியையும் மாற்றினால் அடுத்த ஆள் தயார். இந்த மாவட்டத்தில் வேலை தேடியவர்களில் பாதிப்பேர் ஆற்றல் மிக்கவர்களாகவும், அழுத்தத்திலும் புன்னகைப்பவர்களாகவும், முத்திரை சேர்ப்பவர்களாகவும் இருந்ததற்கு அவள்தான் பொறுப்பு.

பாடசாலை முடிந்து ஒன்பது வருடங்களாக நான் அம்மாவோடுதான் வேலை செய்தேன். அம்மா வீட்டுக் குசினியில் மத்தியானச் சாப்பாடு சமைப்பார். நான் பார்சல் கட்டி, ஸ்கூட்டியில் அடுக்கி, துறைமுகப் பக்கத்து அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இதை எப்படி எழுதுவது என்று தோழியிடம் கேட்டேன்.

“அத எழுதாத புள்ள. சமையல்காரி எண்டு நினைச்சிருவாங்க.”

அப்படியாக ஒன்பது வருடமும் ஒரே அடியில் காணாமல் போனது. தாளின் கடைசியில், மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன் என்று ஒரு வரி. அதன் கீழே வடிவாகக் கையெழுத்து வைத்தேன். பத்து இடத்துக்கு அனுப்பினேன்.

ஒன்பது இடம் மூச்சும் விடவில்லை. உப்புவெளியில் ஒரு ஹோட்டல் மட்டும் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. முகாமையாளர் வயதானவர், மரியாதையானவர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். சீவியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மூண்டு பிள்ளையளையும் ஆர் பாக்கிறது?”

“என்ர பிள்ளையளையோ?”

“ஓம். உங்கட பிள்ளையளைத்தான்.”

“எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை, சேர்.”

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். திருமணமானவர், பிள்ளைகள் மூவர் என்று அச்சில் இருந்தது. “உண்மையெண்டு கையெழுத்து வைச்சிருக்கிறீங்களே?” என்றார். கோபமாகக்கூட இல்லை, கவலையாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் வரக்கூடாத சிரிப்பு. அடக்கப் பார்த்து, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அறிவிப்பதாகச் சொன்னார். இன்னும் அறிவிக்கவில்லை.

நேரே கடைக்குப் போனேன். தோழி கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, “உனக்கு முன்ன வந்த தம்பலகாமத்து ஆளுட பிள்ளைகள். அழிக்க மறந்திட்டன்,” என்றாள்.

“பத்து இடத்தில எனக்கு மூண்டு பிள்ளையடி!”

“அந்த ஆளுக்கு வேலை கிடைச்சிட்டு, தெரியுமா?”

ஸ்டேப்ளரை எடுத்து எறியலாம்போல இருந்தது. எறியவில்லை. கதிரையில் விழுந்து, அன்று காலையிலிருந்து பட்டதையெல்லாம் கொட்டத் தொடங்கினேன். கடல் கொந்தளிப்பில் மீன் வரவில்லை. எல்லோருக்கும் முட்டைக் குழம்பு என்று மாற்றி, ஒவ்வொரு அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. பத்து மணிக்குமேல் ஒரு கப்பல் திருத்தும் கூட்டம் இருபது பார்சல் கூடுதலாகக் கேட்டது. அதில் நான்கு சைவம். வாசலில் புதுக் காவலாளி ஸ்கூட்டியை உள்ளே விடமாட்டேன் என்றான். அவனுடைய மேலதிகாரியும் எங்களிடம் சாப்பிடுகிறவர் என்பதைச் சொல்லித்தான் உள்ளே போனேன். பன்னிரண்டரைக்குள் எல்லாம் கொடுத்து முடித்து, உடுப்பு மாற்றி, ஹோட்டலுக்கு ஓடினேன், இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பதில் சொல்ல.

நான் நிறுத்தியபோதுதான் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அவள் நான் சொன்னதைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்றாள்.

“எழுதாத எண்டு சொன்னது ஆர்?”

“அது அப்ப.”

பிறகு இரண்டு பேருமாக இருந்து வெட்டினோம். நீச்சல் போனது, முத்திரை போனது, ஆற்றலும் புன்னகையும் போயின. இரண்டு பக்கம் ஒரு பக்கமானது. எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குள், திட்டம் குழம்பினால் என்ன செய்வேன் என்பது மட்டும் மிஞ்சியது. என்னைப் பற்றி விசாரிக்கத்தக்கவர் என்ற இடத்தில், பழைய பாடசாலை அதிபருக்குப் பதிலாகத் துறைமுக அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும், தினமும் எங்களிடம் சாப்பிடும் இலிகிதர் ஒருவரைப் போட்டோம். அதிபருக்கு என் முகம் மறந்திருக்கும். இவருக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் என் ஞாபகம் வந்துவிடும்.

அடுத்த மாதம், கப்பல்களுக்கு உணவும் சாமானும் வழங்கும் கொம்பனி ஒன்று கூப்பிட்டது. நேர்முகம் நடத்தியவர் ஓர் அம்மணி. சீவியை ஒருமுறைதான் பார்த்தார்.

“சைவப் பார்சலுக்குள்ள மீன் போன நாள் இருக்கோ?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “ஒருக்காப் போயிட்டுது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, வேற கொண்டுபோய்க் குடுத்தனான். அவர் ஒரு கிழமை எங்களிட்ட எடுக்கேல்லை.”

“பிறகு?”

“பக்கத்துக் கடைப் பருப்பைச் சாப்பிட ஏலாமல் திரும்பி வந்திட்டார்.”

அம்மணி சிரித்தார். கப்பல் வந்த பிறகு பட்டியல் மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முதலில் எரிச்சல் வரும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இலிகிதரிடம் விசாரித்தார்களாம். அவர் என்னைப் பற்றி ஒரு வசனமும், அம்மாவின் மரக்கறிக் குழம்பைப் பற்றி நெடுநேரமும் கதைத்தாராம்.

நியமனக் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தார்.

“அப்ப திங்கக்கிழமை பார்சல் ஆர் கொண்டுபோறது?”

இப்போது ஓர் ஓட்டோக்காரர் கொண்டுபோகிறார். என்னைவிட நேரத்துக்கு வருகிறாராம். வாடிக்கையாளர்கள் அம்மாவிடம் வேலைமெனக்கெட்டுச் சொல்லியிருக்கிறார்கள். என் அலுவலகத்துக்கும் பார்சல் வருகிறது. எனக்கு வருவதில் மட்டும் பொரியல் குறைவு. கேட்டதற்கு அம்மா, “நீ பின்னேரம் வீட்ட வந்தும் சாப்பிடுறனிதானே,” என்றார்.