எனெலெசி அக்காவின் வரவேற்புப் பாட்டு

எங்கள் ஊருக்கு வெளிநாட்டு உதவி நிறுவனக்காரர்களின் ஜீப் வந்தால் எனெலெசி அக்கா பாட வேண்டும். மலாவியில் விருந்தாளியைப் பாடாமல் உட்கார வைக்க மாட்டோம். அக்கா பாட்டுக்கு நடுவே ஒரு பேரைக் கூப்பிடுவாள். பேருக்கு உரியவர் வட்டத்துக்குள் வந்து ஆட வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்க்கவே பாதி ஊர் கூடிவிடும்.

பஞ்சத்தின்போது மக்காச்சோள மாவு கொடுத்தார்கள். அக்கா மாவுக்குப் பாடினாள். அப்புறம், சும்மா கொடுத்தால் நாங்கள் சோம்பேறியாகிவிடுவோமாம், பயிற்சி என்றார்கள். பிறகு கோழிக்குஞ்சு, பிறகு பெண்கள் குழு. ஒவ்வொரு தடவையும் முன்னால் செய்தது தப்பு என்று புதிதாக ஒருவர் வந்து சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். அக்கா மெட்டை மாற்றாமல் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்வாள்.

"உனக்குக் கோவமே வராதாக்கா?"

"கோழி போச்சு, மாத்திரை நிலைச்சுதுல்ல? அதுக்குத்தான் பாடறேன், போடி."

எச்.ஐ.வி. மாத்திரையைத்தான் சொன்னாள். அது வருவதற்குள் அவள் புருஷன் போய்விட்டான், அவள் பிழைத்துக்கொண்டாள். மாத்திரை சாப்பிடுவதை ஊரில் வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தலைவலி என்று சொல்லிவிட்டு உதவிக்காரர்களின் கிளினிக்குக்குப் போவார்கள்.

போன மழைக்கு முன்னால் ஜீப் வந்தது. இறங்கியவர் எங்கள் நாட்டுக்காரர்தான், தலைநகர் லிலோங்வே அலுவலகத்து பிரி. அக்கா பாட ஆரம்பித்ததுமே கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னைக்கு வேண்டாம்மா. பணம் குடுக்கற நாட்டுல கொள்கை மாறிடுச்சு. கிளினிக்கை மூடறோம். இனிமே டவுன் ஆஸ்பத்திரியிலதான் வாங்கணும்."

மாதாமாதம் மினிபஸ் ஏறி டவுனுக்குப் போக எங்களில் யாருக்கும் கட்டுப்படியாகாது. அக்காதான் கேட்டாள்: "ஒருத்தி போயி எல்லாருக்கும் வாங்கிட்டு வரலாமா, தம்பி?"

"வரலாம்மா. குழுவாச் சேர்ந்தா முறை வச்சுப் போகலாம். ஆனா யார் யாருன்னு வெளிய சொல்லியாகணும்."

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

"பாடாம அனுப்பற ஊரில்ல இது," என்று அக்கா தொடங்கினாள். "டவுனுக்குப் போறேன், டவுனுக்குப் போறேன், யாருக்கு வாங்கிட்டு வரட்டும்? எனெலெசிக்கு!" தன் பேரைத் தானே கூப்பிட்டு, தானே வட்டத்துக்குள் போய் ஆடினாள். அடுத்த பேருக்கு இடம் விட்டுக் கை தட்டினாள். எந்தப் பேரும் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

எத்தனையோ வருஷமாக கிளினிக் வாசலில் என்னைப் பார்த்தவள். என் பேரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. என் கையால் சுட்ட பணியாரத்தை வாங்கித் தின்கிற ஊர் முழுக்க எதிரே நின்றது. நாளைக்கு ஒருத்தர் வாங்குவாரா? ஆனால் முழங்கால் வலியோடு அவள் தனியாக ஆடி மூச்சு வாங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை.

"பலேசிக்கு!" என்று என் பேரைக் கத்திவிட்டு வட்டத்துக்குள் போனேன்.

அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தாள். "தலைவலி இப்ப எப்படிடி இருக்கு?"

அழுகையும் சிரிப்புமாக ஆடினேன். பின்னாலிருந்து இன்னொருத்தி தன் பேரைச் சொன்னாள்.