மாமா சொல்லாத மறுபாதி

எங்கள் லயத்தில் செபமாலை முடியாமல் யாருக்கும் கஞ்சி கிடையாது. கலஹாப் பக்கத்துக் காப்பித் தோட்டம் அது. ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து அறை லயம், பத்திலும் வேதக்காரர்கள். மேல்முனை ஐந்து அறைகளும் செபத்தின் முதல் பாதியைச் சொல்லும், கீழ்முனை ஐந்தும் மறுபாதியைச் சொல்லும். முதல் பாதியைத் தொடங்குவது என் அம்மா. மறுபாதியைத் தொடங்குவது அடுத்த அறையிலிருந்த என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. நடுவில் ஒரு மண்சுவர். அவரவர் அறையில் முழங்காலில் இருந்தபடியே, குரல் மட்டும் சுவர் தாண்டிப் போய்வரும். துரையின் பங்களா வரைக்கும் கேட்கும் என்பார்கள். துரை என்ன நினைத்தாரோ தெரியாது.

இந்த ஏற்பாட்டை ஓர் ஆடு கெடுத்தது.

மாமாவின் ஆடு அப்பாவின் அவரைக்கொடியைத் தின்றது. அப்பா கல்லால் எறிந்தார். ஆடு நொண்டியது. மூன்றாம் நாளே அது எல்லாவற்றையும் மறந்து நாலு காலில் துள்ளியது. அதற்குப் பிறகும் நொண்டிக்கொண்டிருந்தவர்கள் இந்த இரண்டு பெரிய மனிதர்கள்தான். மாமா இருக்கும் பக்கம் அப்பா திரும்ப மாட்டார். மாமாவோ எங்கள் வாசலைத் தாண்டும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். ஒருமுறை அப்படியே தண்ணீர் ஓடும் கானுக்குள் கால் வைத்துவிட்டார். அப்போதும் கீழே பார்க்கவில்லை.

காப்பிப் பழம் பறித்து முடிந்திருந்த நேரம். கடலுக்கு அக்கரையில் இருந்த ஊருக்குத் திரும்பும் கூட்டம் சனிக்கிழமை புறப்படுவதாக இருந்தது. மாமா அதில் சேர்ந்துவிட்டார். கண்டியைத் தாண்டி, மாத்தளையைத் தாண்டி, மன்னார் வரை காட்டு வழி. நடந்துதான் போகவேண்டும். காய்ச்சல் வந்து விழுந்தால் விழுந்த இடம்தான். அப்பாவோடு பேசாமலே தம்பி அந்த வழியில் இறங்கிவிடுவானோ என்பதுதான் அம்மாவின் பயம்.

அம்மா யாரிடமும் சமாதானம் பேசப் போகவில்லை. அப்பாவிடம் கெஞ்சவும் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போலத் தொடங்கினாள். மேல்முனை முதல் பாதியைச் சொல்லி முடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மாமா தொடங்காமல் கீழ்முனை எப்படித் தொடங்கும்? கடைசி அறைக்காரர்தான் பசி தாங்காமல் கத்தினார்.

"அக்கா, நாங்க சொல்லிப்புடவா?"

"அது எந்தம்பி பங்கு. அவன் தொடங்கட்டும்."

லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மா கையில் பிறந்தவர்கள். அவளை மீற ஒருவருக்கும் துணிவில்லை. ஆக, செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் பாதி செபம், பாதி மௌனம். செபத்தைவிட அந்த மௌனம்தான் நீளம். ஐம்பத்து மூன்று மணி! எல்லாம் தள்ளி முடிந்து கஞ்சி வர நடுராத்திரி ஆனது. என் முழங்காலில் சாணித்தரையின் மேடு பள்ளமெல்லாம் அச்சாக விழுந்திருந்தது. இரண்டாம் நாள் அப்பாவே முணுமுணுத்தார்.

"ஏண்டி, எனக்கும் அவனுக்கும் சண்டைன்னா லயத்துக்கே பட்டினியா?"

"பசிச்சா அவங்கிட்டப் போயி சொல்லுங்க."

தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டார் அப்பா.

வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் குரல் எனக்கு அப்படியே வரும். லயத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து அவல், வெல்லம் என்று கறந்துகொண்டிருந்ததே அதை வைத்துத்தான். அவர் வாசலில் நின்று அவர் குரலில் மறுபாதியைத் தொடங்கினால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள், செபம் ஓடும், கஞ்சி வரும். இதுதான் திட்டம். அம்மா கண்ணை மூடிய நேரம் பார்த்து நழுவினேன். மாமாவின் வாசலில் தொங்கிய சாக்கை லேசாக விலக்கினேன்.

மாமா எங்கள் சுவரைப் பார்த்து முழங்காலில் இருந்தார். பக்கத்தில் கட்டிவைத்த மூட்டை. கையில் செபமாலை. அந்தப் பக்கம் அம்மா முதல் பாதியை முடித்ததும் இவர் உதடு அசையத் தொடங்கியது. 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' தொடங்கி 'ஆமென்' வரை ஓசையே இல்லாமல் சொல்லிமுடித்து, ஒரு மணியைத் தள்ளினார். நாலு நாளும் இதே வேலைதான் நடந்திருக்கிறது!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பசியில் சாகிறேன், இந்த மனிதர் வாய்க்குள்ளேயே செபம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

"அம்மா! மாமா சொல்லிக்கிட்டுத்தாம்மா இருக்காங்க! சத்தந்தான் வரல!"

மாமா என்னை இழுத்து வாயைப் பொத்தினார். "மூடுடா, குரங்குப் பயலே!"

அப்புறம் அம்மா, ஒன்றுமே நடக்காததுபோல, அதே முதல் பாதியை மறுபடியும் சொன்னாள். இந்த முறை அப்பாவின் குரலும் கேட்டது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்க. முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

என் வாயைப் பொத்தியிருந்த கை விலகியது. மாமா தொடங்கினார். குரல் துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டாவது வார்த்தையிலேயே உடைந்தது. உடனே கீழ்முனை ஐந்து அறைகளும் பாய்ந்து வந்து அதைத் தாங்கிக்கொண்டன. அவ்வளவு சத்தமாக எங்கள் லயம் அதற்குமுன் செபித்ததே இல்லை. பசிதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செபம் முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்வது வழக்கம். மாமா எங்கள் வாசலுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி, "ஸ்தோத்திரம், மச்சான்" என்றார்.

அப்பாவும் தரையைத்தான் பார்த்தார். "கஞ்சி இருக்கு. உக்காரு மாப்ள."

அவ்வளவுதான். இந்த ஆறு வார்த்தைக்கா நாலு நாள்! சமாதானத்தை உண்டாக்கிய எனக்கோ, செப நேரத்தில் கத்தியதற்காக அம்மாவிடமிருந்து தலையில் ஒரு குட்டு.

சரி, இனிமேல் மாமா போக மாட்டார் என்று நினைத்தேன். சனிக்கிழமை விடியும்போதே புறப்பட்டுவிட்டார். அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டு, மூட்டையைத் தானே தலையில் வைத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டை ஆறு வரைக்கும் கூடப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. போகிறவரைத் தடுக்க முடியாத செபம் என்ன செபம்?

அன்று சாயங்காலம் கீழ்முனை காத்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"இனிமே மறுபாதிய நீ தொடங்கு."

நான் ஒரே மூச்சில் ஓட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மெதுவாச் சொல்லுடா. ஒம் மாமன் நடக்குற வழிக்குத் துணை இது. அவன் இன்னும் காட்டு வழிக்கே போயிருக்க மாட்டான்."

மாமா எங்கே நடந்தால் எனக்கென்ன? அவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கு இந்தச் சத்தம் கேட்கவா போகிறது? நான் வேகமாகச் சொன்னால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? அம்மாவுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம்தான். இன்னொரு குட்டு வேண்டாமே என்று மெதுவாகவே சொன்னேன்.