வயலில் ஓடிய படங்கள்

எங்கள் மாமாவுக்கு எந்த வெளிநாட்டு மொழியும் தெரியாது. ஆனால் எந்த வெளிநாட்டுப் படத்தைப் போட்டாலும் அதில் வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை ஒரு வரி விடாமல் சொல்லிவிடுவார். ஒரு வரிகூட உள்ளபடி இருக்காது என்பது வேறு விஷயம்.

அம்மாவின் தம்பி அவர். தூத்துக்குடி துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, அரிசி என்று சமையல் சாமான் ஏற்றிக் கொடுக்கும் ஒரு முதலாளியிடம் வேலை. கப்பல்களுக்குள் அப்போதுதான் டிவிடி வந்திருந்தது. அதுவரை மாலுமிகள் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ கேசட்டுகளைக் குப்பையோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்திருப்பார்களாம். மாமா அதைக் கேட்டு வாங்குவார். சும்மா வாங்கமாட்டார். பதிலுக்கு உடன்குடிக் கருப்பட்டி கொடுப்பார். கருப்பட்டியை ஒரு தடவை வாயில் போட்ட வெள்ளைக்காரன் அடுத்த தடவை வெறுங்கையோடு வந்ததே இல்லை என்று சொல்லிக்கொள்வார். அப்பா மட்டும் நம்பமாட்டார். "நம்ம கருப்பட்டியக் குடுத்து அவன் குப்பைய வாங்கிட்டு வாரான். இவனையும் ஒரு முதலாளி வேலைக்கு வச்சிருக்கான் பாரு" என்பார்.

சண்டைப் படங்களைத் துறைமுகத்திலேயே யாராவது அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எவனும் சீந்தாமல் கிடப்பதுதான் மாமாவுக்கு வேண்டும். அந்தப் படங்களில் ஒரு கிழவர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நடந்து போவார். அவர் போய்ச் சேர்வதற்குள் எங்கள் அம்மா உலை வைத்துச் சோறு வடித்துவிடுவாள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமாவால் படிக்க முடியாது. ஆனால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், எந்தப் படம் யார் எடுத்தது என்று சொல்லிவிடுவார். எடுத்தவர்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். எப்போதும் மழை பெய்தால் அவன் மழைக்காரன். ஆட்கள் வாசல்படியில் நின்றுகொண்டே இருந்தால் அவன் கதவுக்காரன். ரயில்காரன் ஒருத்தன் இருந்தான். அவன் படத்தில் ரயில் வரும், யாரும் ஏறமாட்டார்கள்.

துறைமுகத்தில் மாமா தங்கியிருந்த அறை கடலைப் பார்த்தது. உப்புக் காற்றில் கேசட் நாடா வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எங்கள் ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது. தாமிரபரணி கடலுக்குப் போகிற வழியில் கடைசியாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் போகிற நெல் ஊர்களில் ஒன்று. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைகள் ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொண்டன. லீவுக்கு வரும்போதெல்லாம் மாமா ஒவ்வொரு கேசட்டையும் எடுத்து, முன்னும் பின்னும் ஓடவிட்டுத் திருப்பி வைப்பார். "ஓடாத நாடா ஒட்டிக்கிடும்லே மருமவனே" என்பார்.

டெக்கில் போட்டால் எங்கள் டிவிப் பெட்டியில் முக்கால்வாசிப் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. அந்த நாட்டுக் கேசட்டும் இந்த நாட்டுப் பெட்டியும் ஒத்துப்போகாததால் கலர் வராது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வெளிநாடு என்றாலே கறுப்பு வெள்ளை, பாவம், அங்கே கடவுள் கலர் கொடுக்கவில்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி, வாத்தியாரிடம் குட்டு வாங்கினேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்த சண்டைகளில் அதுவும் ஒன்று. எட்டாம் வகுப்பில் சமாதானமாகப் பிரிந்தோம்.

படம் பார்ப்பது என்றால் மாமா பேச்சைக் கேட்பதுதான். ஒரு அம்மாள் ஜன்னல் ஓரத்தில் நின்று கண்ணீர் விடாமல் மெதுவாக ஏதோ சொல்வாள்.

"என்ன மாமா சொல்லுதா?"

"கொடியில கெடந்த பாவாடையக் காணோமுங்கா."

புருஷன்காரன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்வான்.

"அவன் என்ன மாமா?"

"எரும தின்னுருக்கும்ங்கான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். அப்பாவே சில சமயம் திரும்பிக்கொண்டு சிரிப்பார். ஒரு நாள் மத்தியானம் மாமா தனியாக உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே வந்தேன். அவர் பாவாடை, எருமை எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து அம்மாவிடம் போய்ச் சுக்குத் தண்ணீர் போடச் சொன்னேன்.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. என்னிடம் மட்டும் சொன்னார். "கல்யாணம் முடிஞ்சா தனி வீடு பாத்துருவேன்லே. இந்த ஊரு மாதிரி உள்ள தள்ளி. ஒரு சொவரு பூரா அலமாரி. மேல் தட்டுல மழக்காரன், அடுத்ததுல கதவுக்காரன். வேணுங்கவன் வந்து உக்காந்து பாக்கட்டும்."

"நான் மாமா?"

"நீ வாசல்ல நின்னு டிக்கெட் கிழி."

அதற்கேற்ற மாதிரி உடன்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாமா கருப்பட்டி வாங்குகிற கடைக்காரரின் மகள். பையன் நாணயமானவன் என்று கடைக்காரருக்கே பிடித்துவிட்டது. அவரும் வீட்டம்மாவும் இன்னும் நாலைந்து பெரியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. காலையில் ஒரு கப்பல் வந்துவிட்டது.

வந்தவர்கள் மழையைப் பேசினார்கள், பனையைப் பேசினார்கள். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பாவுக்குத் தர்மசங்கடம். அதுவரை குப்பை என்று திட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று மச்சினன் பெருமையை எடுத்துவிட்டார்.

"நம்ம பையங்கிட்ட கப்பல் படமா கெடக்கு அண்ணாச்சி. கலெக்டர் வீட்டுலகூட இருக்காது. ஒண்ணு பாக்கியளா?"

அவரே டிரங்குப் பெட்டியில் தேடி, அட்டையில் மணப்பெண் படம் போட்ட கேசட்டாகப் பார்த்து எடுத்தார். நல்ல காரியத்துக்கு நல்ல படமாக இருக்கட்டும் என்று. கல்யாணப் பெண் வெள்ளை உடுத்தியிருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் வீட்டம்மா முகத்தைச் சுளித்தாள். "அது சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக வழக்கம்லா மைனி, தூத்துக்குடியில பாத்ததில்லையா" என்று அம்மா சமாளித்தாள். பிறகு எல்லாரும் ரசிக்க ஆரம்பித்தார்கள். பேண்டு வாத்தியம், ஆட்டம், நீளமான பந்தி. "எல எத்தன போட்டிருப்பான் பாத்தியளா" என்று ஒரு பெரியவர் எண்ணவே தொடங்கிவிட்டார்.

பந்தி முடிந்தது. மாதாகோயில் மணி அடித்தது. அதே மணப்பெண் கறுப்பு உடுத்திக்கொண்டு நடந்து வந்தாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர் ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்பா ரிமோட்டை எடுத்தார். அதில் இருந்த எழுத்துக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினார். சவ ஊர்வலம் ஓட்டமாக ஓடியது. இன்னொன்றை அமுக்கினார். எல்லாரும் பின்னால் நடந்து, செத்தவன் வீட்டுக்கே திரும்பப் பார்த்தான். பதறிப்போய் மூன்றாவதை அமுக்கினார். படம் அப்படியே நின்றது. பெட்டி மட்டும் திரை நடுவில், குறுக்கே ஒரு வெள்ளைக் கோட்டோடு நடுங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தம் பேச வந்த வீட்டில் நட்ட நடுவில் பாடை.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். வேர்த்து விறுவிறுத்து, கையில் ஆப்பிள் பையோடு. திரையைப் பார்த்தார். உறைந்து உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தார். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் வரமுன்னாலயே தூக்கிட்டியளா?"

அடுப்படி வாசலில் நின்ற அம்மா மட்டும் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் வீட்டம்மா எழுந்துவிட்டாள். ஊற்றி வைத்த காபி அப்படியே இருந்தது. "ஊருக்குப் போயி சொல்லியனுப்புதோம்" என்று கடைக்காரர் செருப்பைத் தேடினார். அப்புறம் எதற்குச் சொல்லியனுப்ப?

அவர்கள் போன பிறகு அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா தரையில் உட்கார்ந்து அந்தக் கேசட்டை முதலுக்கே திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுத மாப்ள?"

"பாதியில விட்டா நாடா கெட்டுப்போவும் அத்தான்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சத்தம் போட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அடுத்த வாரம் எங்கள் நெல் பால் பிடித்தது. பால் பிடிக்கும்போது குருவி கூட்டமாக இறங்கிக் கதிரைச் சப்பிவிட்டுப் போய்விடும். அதற்கு எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. வரப்புக்கு வரப்பு கம்பு நட்டு, வீணாய்ப்போன பாட்டுக் கேசட்டின் நாடாவை உருவி இழுத்துக் கட்டுவார்கள். காற்று அடித்தால் நாடா அதிர்ந்து விர்ரென்று சத்தம் போடும். வெயிலில் மின்னும். குருவி அண்டாது.

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

"தம்பி வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவிய?" என்றாள் அம்மா.

"நெல்லு வெளஞ்சா அவனுந்தான திங்கான்? வீட்டுல பொணத்த வச்சுக்கிட்டு நல்லது எப்பிடி நடக்கும்ளா?"

பிணம் இருந்தது ஒரு கேசட்டில்தான். அப்பா எல்லாவற்றையும் சாக்கில் அள்ளினார். அம்மா பட்டுச்சேலைகளை மறுபடி பெட்டி நடுவில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே அழுதாள். சேலை கசங்கிவிட்டதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் வயலைப் போல ஒரு வயலை அந்தச் சுற்றுவட்டாரம் பார்த்திருக்காது. மற்றவர்கள் கட்டுவது மெல்லிய பாட்டு நாடா. எங்களுடையது விரல் அகலம். அது விர்ரென்று கத்தாது, ஊமென்று முனகும். பக்கத்து வயல்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமா அடுத்த லீவுக்கு வந்தபோது பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியாகத்தான் நடந்து வந்தார். நான் வரப்பில் ஓடிப்போய்க் கத்தினேன்.

"மாமா! நம்ம படமெல்லாம் வயல்ல ஓடுது!"

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். பக்கத்தில் வந்தபோது சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். அப்பா மண்வெட்டியோடு வந்தார். அவருக்கும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது.

"நல்ல நாடா மாப்ள. கடையில வாங்குதது ரெண்டு நாளு தாங்காது. இது அறுந்து போவவே மாட்டங்கு."

"ஆமா அத்தான்," என்றார் மாமா. "கப்பல் சாமான்லா."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பெண் தட்டிப்போன கவலை என்றாள் அம்மா. பெண் தட்டிப்போன கவலைதான் என்றார் அப்பா. ஊரும் அதையே சொன்னது. அதனால் அவசர அவசரமாக வேறொரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். நல்ல அத்தை, குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு அப்பா ஒரு புது டிவிடி பெட்டியும், கூடவே சண்டைப் பட டிஸ்குகளும் வாங்கிக் கொடுத்தார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கடலைப் பார்த்த அதே அறைக்குப் பக்கத்திலேயே குடித்தனம் போட்டார். உள்ளே தள்ளி வீடு பார்க்க வேண்டிய அவசியம்தான் இல்லையே.

இப்போது நானும் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறேன். போன மாதம் மாமா வீட்டுக்குப் போனபோது, என் போனில் எப்படியோ சிக்கிய ஒரு கதவுக்காரன் படத்தைப் போட்டுக் காட்டினேன். அதே ஜன்னல் ஓரத்து அம்மாள். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ என்ன சொல்லுதா மாமா?" என்று பழைய ராகத்தில் கேட்டேன்.

"கீழ எழுதியிருக்கேலே. படிச்சுக்கோ."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று வயலில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அப்பா மடையைப் பார்க்கப் போன பிறகு நானும் மாமாவும் மட்டும் நின்றோம். கடற்காற்று ஏறுகிற நேரம். வயல் முழுக்க நாடாக்கள் ஒன்றாக முனகின. மழைக்காரன், கதவுக்காரன், ரயில்காரன் எல்லாரும் ஒரே குரலில். மாமா ஒரு நாடாவை இரண்டு விரலால் பிடித்தார். அது மட்டும் பேச்சை நிறுத்தியது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். யார் படம் என்று தேடினார் போல. அதில் என்ன தெரியும், கறுப்புதான். விரலை எடுத்தார். மறுபடி முனகியது.

"என்ன சொல்லுது மாமா?" என்று கேட்டேன். சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டார்.

"குருவிய வெரட்டுதுலே."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பாவாடை இல்லை, எருமை இல்லை. இத்தனை படம் சேர்ந்து பேசும்போது இவ்வளவுதானா? மாமாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று முடிவு செய்து, "இன்னொரு தடவ நல்லாக் கேட்டுச் சொல்லுங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்து நாடாவுக்குப் பக்கத்தில் இழுத்தேன்.