எஸ்தர் அக்கா கேட்ட கொஞ்ச நேரம்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சபையின் மாதர் ஐக்கியக் குழுவில் யாரோ ஒரு வரி போட்டிருந்தார்கள். அதை வாசித்து முடிப்பதற்குள் கைகூப்பும் படங்கள், அழும் முகங்கள், புறா, மெழுகுவர்த்தி, ஒருவர் தன் குரலிலேயே பாடி அனுப்பிய பாட்டு என்று வந்து குவிந்து, அந்த ஒரு வரி மேலே போய் மறைந்துவிட்டது. மறுபடி தேடி எடுத்து வாசித்தேன். எரிச்சலாக இருந்தது. ஒரு மனுஷி செத்துப்போன செய்தியோடுகூட ஒரு நிமிஷம் தனியாக இருக்க நம்மால் முடியவில்லையே என்று பஸ்ஸில் நின்றபடியே பல்லைக் கடித்தேன்.

சபையின் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். மாதர் ஐக்கியத்தில் அவர் தலைவி, நான் செயலாளர். அன்பு, பொறுமை, ஊழியம் என்று எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பீர்கள். அவை எல்லாம் அவரிடம் இருந்தன, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் எனக்கு இப்போது துக்கத்தைவிட ஆத்திரம்தான் கூடுதலாக இருக்கிறது. அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது.

அவருடைய நாள் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். பகல் முழுக்கக் கந்தோர் வேலை, சனத்தின் முறைப்பாடு எடுக்கும் மேசை. சிங்களத்தில் ஒருவர், தமிழில் ஒருவர், இரண்டிலும் கத்துகிற ஒருவர். மாலையில் குண்டசாலையில் தம்பி வீடு. அவர் கலியாணம் செய்யாதவர். தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பிள்ளைகள், தொலைக்காட்சி எல்லாம் ஒரே கூடத்தில். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். நம் வீடுகளில் உள்ளே பூட்டுப் போடக்கூடிய ஒரே அறை குளியலறை. அக்கா பல வருஷம் அங்கேதான் ஜெபித்தார். ஒருநாள் நான் போயிருந்தபோது தம்பியின் மகள் கதவைத் தட்டினாள். "அத்தை, இன்னும் எவ்வளவு நேரம்? தண்ணி சத்தமே கேக்கலையே, என்ன செய்றீங்க?" அக்கா உடனே வெளியே வந்தார். தலை நனையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆண்டவருக்கும் வரிசையில நிக்கத்தான் நம்ம வீட்டுல இடம் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு கோவிலின் பின்பக்கத்தைப் பிடித்தார். தேவாலயச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, பலா மரத்தடியில் ஓர் உடைந்த வாங்கு கிடந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டுப் போவார். யாருக்கும் தெரியாமல் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவர் நம்முடைய செல்வமணி அண்ணன். சபை மூப்பர், நல்ல மனுஷர், அதுதான் தொல்லையே. அவருடைய மகளுக்குச் சத்திரசிகிச்சை நடந்த அன்று அக்கா அந்த வாங்கில் தனியே இருந்து ஜெபித்திருக்கிறார். பிள்ளை தேறி வந்தாள். அண்ணன் ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார், வாங்கு எங்கே கிடக்கிறது என்பது உட்பட. அடுத்த வாரம் பலா மரத்தடியில் ஆறேழு பேர் நின்றார்கள். விசா கிடைக்காதவர், மருமகளோடு ஒத்துவராதவர், முழங்கால் வலிக்காரர். அக்கா ஒவ்வொருவரின் தலையிலும் கை வைத்து ஜெபித்துவிட்டு, இருட்டும் நேரத்தில் பஸ் ஏறினார். சபை வாங்குக்குப் புதுப் பலகை அடித்து, பச்சைப் பெயின்ட் பூசிக் கொடுத்தது.

அவர் தெல்தெனியப் பக்கம் போகத் தொடங்கியது அதனால்தான். லீவு நாட்களில் பஸ் ஏறிப் போய், அங்கே இருக்கும் நீர்த்தேக்கத்தின் கரையில் ஆளில்லாத ஒரு மேட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? ஒருநாள் ஐக்கியக் கூட்டத்துக்கு நடுவில் செல்வமணி அண்ணன் வந்து நின்றார்.

"அக்கா, நீங்க மட்டும் போயி ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்தா எப்படி? நாங்களும் தனியா ஜெபிக்கணும்ல?"

"வாங்களேன் அண்ணே. ஆளுக்கொரு நாள் போங்க, நல்ல இடந்தான்."

"அதெப்படி ஆளுக்கொரு நாள்? எல்லாரும் சேர்ந்து தனியா ஜெபிப்போம். வேன் பேசிட்டேன்."

எல்லோரும் சேர்ந்து தனியாக! இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். போனோம். பாய், சோற்றுப் பார்சல், பிளாஸ்க், ஒரு சின்ன ஒலிபெருக்கி. 'தனி ஜெபப் பயணம்' என்று வேன் கண்ணாடியில் ஒட்டியும் இருந்தார்கள். அந்த மேட்டில் ஏறி நின்று ஐந்து பாட்டுப் பாடினோம். தண்ணீரில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பிப் போயின. அக்கா அன்று ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் சார்பில் எனக்குத்தான் வயிறு எரிந்தது.

திரும்பும்போது வேனில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க்கா, வர வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டேவிட்டேன்.

"நான் உங்களுக்காக ஜெபிக்கத்தான் தனியா போறேன் கிரேஸ். நீங்களும் கூடவே வந்தா, உங்களுக்கு டீதான் ஊத்த முடியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னைப் பொறுமைசாலின்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு வர்ற கோவம் உங்க யாருக்கும் தெரியாது. அதைக் கொண்டுபோய் அங்க இறக்கி வச்சிட்டு வர்றேன். இறக்க முடியாத வாரத்துல, மேசைக்கு முன்னால நிக்கிறவங்களை அடிக்கத்தான் கை வரும்" என்றார்.

நாம் கொண்டாடிய பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அது ஊறுகிற இடத்தைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தோம். ஆண்டவர் கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியே மலைக்குப் போனார் என்று வருஷா வருஷம் பிரசங்கம் கேட்கிறோம். கேட்டுவிட்டு, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறோம். ஆனாலும் யார் தேடி வந்தாலும் அக்கா ஜெபத்திலிருந்து எழுந்து வந்துகொண்டேதான் இருந்தார். "கூப்பிட்டா போகணும். போயிட்டு மறுபடி வரணும். வேற என்ன செய்ய?" என்பார். அவருடைய அந்தப் பேச்சும் எனக்கு எரிச்சல்தான்.

கடைசியில் அவருக்கு ஓர் இடம் வாய்த்தது. அதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். கண்டியிலேயே இரைச்சல் மிகுந்த இடங்களில் ஒன்று. சனம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அங்கே ஒரு கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே அக்கா உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போகவில்லை. தூணுக்கு அப்பால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவ்வளவு இறுக்கம் தளர்ந்த, சந்தோஷமான முகத்தோடு நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு நோய் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முழுக்கக் கட்டிலைச் சுற்றி நம் ஆட்கள்தான். பாட்டு, ஜெபம், ஆப்பிள் பழம். ஒருநாள் நீங்கள் எல்லோரும் கலைந்து போகும் சமயம் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கிரேஸ், என்னை அடக்கம் பண்றப்ப கொஞ்ச நேரம், ஒரு பத்து நிமிஷம், எல்லாரையும் சும்மா நிக்கச் சொல்லு. பாட்டு வேணாம், மைக் வேணாம். செய்வியா?"

"செய்வேன்க்கா."

"பாப்போம்" என்று சிரித்தார். அவருக்கு நம்மைத் தெரியும்.

இறந்த அன்றே போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சனத்தின் வாய்க்குப் பயந்தவர். "ஓம் பிள்ளை, விளங்குது. ஆனால் பாட்டில்லாமல் அடக்கம் செய்தால் சனம் என்ன கதைக்கும்? அநாதைப் பிரேதம் மாதிரிப் புதைச்சிட்டம் எண்டு சொல்லுவினம்" என்றார். செல்வமணி அண்ணன் கண்ணீரோடு, "அவங்களுக்கா பாடாம இருக்கச் சொல்றே? உனக்கு மனசு எப்படிம்மா வருது?" என்று கேட்டார். இது அக்காவே கேட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் போதகர் இறங்கி வந்தார். "சரி, பத்து நிமிசம் விடுவம்" என்றார். நானும் நம்பினேன்.

மயானத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே நின்றீர்கள். பெட்டியை இறக்கியதும் போதகர் மைக்கை எடுத்து, இப்பொழுது சகோதரியின் விருப்பப்படி மௌனமாய் நிற்போம் என்றார். ஒரு காகம் கத்தியது கேட்டது. அவ்வளவுதான். மௌனம் எவ்வளவு மேன்மையானது என்று அவரே விளக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் யாரோ கீபோர்டை மெதுவாகத் தடவினார்கள். செல்வமணி அண்ணன் விம்மிக்கொண்டே ஒரு கீர்த்தனையை எடுத்தார், நீங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டீர்கள். நன்றாகத்தான் பாடினீர்கள். அழுதீர்கள். உங்கள் அன்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க நமக்குத் தேநீர் ஊற்றிய ஒருத்தி கேட்ட பத்து நிமிஷத்தை நம்மால் கொடுக்க முடியவில்லை. அந்த மைக்கைப் பிடுங்கி எறியத்தான் எனக்குக் கை வந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் வேன்களுக்குப் போன பிறகு நான் மட்டும் நின்றேன். மண்வெட்டிக்காரர் இருவர் மண்ணைத் தள்ளி முடித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அக்காவுக்காக அப்போதுதான் முதல்முறையாக நான் சும்மா நின்றேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். செல்வமணி அண்ணன் மயானத்துப் படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"கிரேஸ், இங்கயா இருக்கே? எல்லாரும் உன்னைத் தேடுறாங்கம்மா. பன்னும் டீயும் ஆறுது, வேன் நிக்குது, வா."

அக்காவாக இருந்தால் போயிருப்பார். நான் எஸ்தர் அக்கா அல்ல. "வேன் போகட்டும் அண்ணே. நான் பஸ்ஸுல வர்றேன். நீங்க கீழ போங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இறங்கிப் போனார். நான் வாக்குக் கொடுத்த பத்து நிமிஷமும் நின்றேன்.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வரப்போவதுமில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கதிரை மட்டும்தான். வாரத்தில் ஒருநாள் போய் உட்காருகிறேன். என் ஆத்திரத்தில் பாதியை, உங்கள் மேல் உள்ள பாதியை, அங்கேதான் இறக்கி வைக்கிறேன். உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். அது எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். தயவுசெய்து யாரும் என்னைத் தேடி வராதீர்கள்.