தகட்டுக்கு அந்தப் பக்கம் மல்காந்தி

போன வாரம் தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்துக் கராஜில் ஒரு பழைய பஸ்ஸுக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். அலுமினியத்தைத் துளைத்தால் ஒரு வாடை வரும், நாக்கில் காசை வைத்தது போல. அந்த வாடையில் நின்று, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டேன்.

கொழும்புக்கு அந்தப் பக்கம், துண்டு துண்டாக வந்திறங்கும் சின்ன விமானங்களைப் பூட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே நான் சம்பளத்தோடு வேலை பழகினேன். சம்பளம் என்றதால்தான் அம்மா விட்டார்கள். செய்தி பரவியதும், தேயிலைத் தோட்டத்து மலையில் எங்களை மேய்க்கும் கண்டாக்கு ஐயா, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்னா புள்ள, பிளேன்ல போறப்ப கொழுந்து நிறுக்க எறங்குவியா?" எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. அவள் கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு இருந்தாள். அதற்குப் பக்கத்து வீட்டில் என்னையும் கேட்டு வைத்திருந்தார்கள். பட்டறையின் முதல் பரீட்சையில் தவறினால் நானும் அங்கேதான்.

ரிவெட் ஆணி அடிப்பது இரண்டு ஆள் வேலை. வெளியே ஒருத்தி கருவியால் ஆணியின் தலையை அடிப்பாள். உள்ளே ஒருத்தி இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிப்பாள். அடிக்கும்போது பேசினால் கேட்காது. உள்ளே இருப்பவள் தகட்டைத் தட்டித்தான் சொல்வாள். ஒரு தட்டு, சரி. இரண்டு, இன்னும் அடி. மூன்று, கெட்டுப்போச்சு, கழற்று.

ஜோடி சேரச் சொன்னபோது தோட்டத்துப் பிள்ளையோடு சேர ஒருத்தியும் வரவில்லை. நகர்ந்து நின்றார்கள். வலப்பனை மலையிலிருந்து வந்த மல்காந்தி மட்டும் வந்தாள். "வா நங்கி, நம்ம ரெண்டு பேருக்குந்தான் இந்த ஊர்ல இப்புடி வேர்க்குது" என்றாள். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி; நான் அவளை அக்கே என்பேன். சந்தையில் காய்கறி விற்றுப் பழகிய தமிழ் அவளுடையது. பட்டறையில் தந்த தேத்தண்ணி வெறும் தூசு. நம் கொழுந்தில் நல்லதெல்லாம் கப்பலேறிவிடும். அந்தத் தூசையும் இருவரும் ரசித்துத்தான் குடித்தோம்.

பரீட்சை அன்று என் பக்கம் எல்லாம் வழவழப்பு. பரீட்சை பார்க்க வந்த பட்டறை ஐயாவும் தலையாட்டினார். கடைசி வரிசையில் உள்ளேயிருந்து மூன்று தட்டு. அந்த இடத்தைப் பிறகு மூடிவிடுவார்கள், ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை. நேரமும் இல்லை.

"அக்கே, வெளையாடுறீங்களா? ஐயா பாத்துக்கிட்டு நிக்கிறாரு!" என்று கத்தினேன்.

"வெடிச்சிருக்கு நங்கி. கழட்டு."

"சின்னதுதானே?"

"சின்னதுதான். நீ இதுல ஏறுவியா?"

அவளைத் திட்டிக்கொண்டே துளைத்துக் கழற்றினேன். மற்ற ஜோடிகள் முடித்துக் கை கழுவப் போய்விட்டார்கள். எங்களுக்கு மட்டும் மிச்சம் கிடந்தது. ஐயா உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். கழற்றிய ஆணியை வாங்கி விரலில் உருட்டினார். "தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தை அடிங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான், இருவருக்கும் வேலை நிலைத்தது. கொழும்பிலிருந்த என் அக்காவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நாடே காசில்லாமல் எதற்கெடுத்தாலும் வரிசையில் நின்ற காலத்தில் பட்டறையை மூடினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அங்கே சீமெந்து மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். நான் ஹட்டனில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். மல்காந்தி வெளிநாட்டில் யாரோ ஒரு கிழவியைக் கழுவித் துடைக்கிறாள். அவளுடைய கைக்கு இந்த நாட்டில் வேறு வேலை இல்லையாம். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போய் இறங்கிய அன்று அவள் போனில் பேசினாள்.

"நங்கி, றெக்கைக்குப் பக்கத்து சீட்டு. வழி முழுக்க ஆணியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். யாரோ ரெண்டு பேரு நல்லா அடிச்சிருக்காங்க."