பழைய லைனின் சொந்தக்காரி

ஷின்ட்சு நகரத்துச் சிப் ஆலையின் வரவேற்பறையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் பெங் யூலான். அவளுடைய கம்பெனி பிராசசரை வடிவமைக்கும். அதைச் செய்து கொடுப்பது ஆலை. ஆலைக்கு உலகமெல்லாம் வாடிக்கையாளர்கள் என்பதால், எந்த உற்பத்தி லைனில் யாருக்கு எவ்வளவு இடம் என்று ஓயாத அடிபிடி. அந்த இடத்தைப் பிடித்து வருவதுதான் யூலானின் உத்தியோகம். கெஞ்சுவாள், கத்துவாள், வேண்டுமானால் அழவும் செய்வாள். வெட்கமெல்லாம் வேலைக்குச் சேர்ந்த வருஷமே போய்விட்டது.

எதிர் நாற்காலியில் ஷெங்வென். வயதில் சின்னவன். அவனுக்கும் இதே வேலை, ஆனால் போட்டிக் கம்பெனியில். அவர்களும் பிராசசர்காரர்கள்தான், பத்து மடங்கு பெரியவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆலையின் பழைய லைன் ஈயடித்தது. எல்லோரும் புது லைனுக்கு ஓடிவிட்டார்கள். நீண்ட ஒப்பந்தம் போட யாராவது வருவார்களா என்று ஆலை தேடியபோது யூலான் கையெழுத்துப் போட்டாள். அவள் கம்பெனியின் வாஷிங் மெஷின் சிப்புகள் அந்த லைனில்தான் ஓடின. அதை மூடிவிட்டால் அவள் எங்கே போவாள்? லைனில் இடத்தைத் தேவைக்கு மேலேயே வாங்கிப் போட்டாள். அதைத் தொலைநோக்கு என்று இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள். வெறும் பேராசைதான். காலி இடத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

"என்னக்கா, பழைய துணி வியாபாரம் ஆரம்பிச்சுட்டீங்களாமே?" என்று ஷெங்வென் சிரித்தான்.

"உனக்கு ஒரு சட்டை எடுத்து வைக்கிறேன், போ."

அவளுடைய முதலாளி காவ் சிரிக்கவில்லை. ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது, சிப்புப் பஞ்சமும் வந்தது. யூலானின் கம்பெனி உயிரைக் கொடுத்து உருவாக்கிய புதுப் பிராசசருக்குப் புது லைனில் இடம் வேண்டும். ஷெங்வென் ஆட்கள் அத்தனையையும் முன்கூட்டியே வளைத்துப் போட்டிருந்தார்கள். தங்களுக்குத் தேவையோ இல்லையோ, அடுத்தவன் உள்ளே வரக் கூடாது. இலையுதிர் காலத்துக்குள் பிராசசர் வராவிட்டால் அவர்களிடமே போய்விடுவோம் என்று அதை வாங்கவிருந்த கார் கம்பெனி சொல்லிவிட்டது.

"இடம் கிடைக்கலேன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான் யூலான்" என்றார் காவ். பொறியாளர்கள் மாடிப்படியில் நின்று வேறு கம்பெனிகளோடு கிசுகிசுப்பாகப் போன் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆலையின் திட்ட அதிகாரி லோவிடம் தினமும் போய் நின்றாள். "ஒரு சிலிக்கான் தட்டு ஓட்டக்கூட இடமில்லைக்கா, நம்புங்க" என்று அவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

காற்று ஸ்கூட்டர்களைச் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், ஷெங்வென் ஜவ்வரிசி முத்துப் போட்ட தேநீர் இரண்டு கோப்பையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் யாருக்கும் தண்ணீர்கூட வாங்கித் தந்ததில்லை.

"என்ன வேணும், நேரா சொல்லு."

சொன்னான். அவர்களுடைய மகா பிராசசர் பெட்டி பெட்டியாகத் தூங்குகிறது. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் குட்டிச் சிப்பு இல்லாமல் ஒன்றையும் விற்க முடியவில்லை. மண்டபம் நிறைய ஆள் இருந்தும் தாலி வந்து சேராத கதை. அந்தக் குட்டிச் சிப்பு பழைய லைனில்தான் செய்ய முடியும். உலகத்தில் எந்தப் பழைய லைனிலும் இடமில்லை, யூலானிடம் தவிர.

"பணம் எவ்வளவு வேணும்னாலும் கேளுங்கக்கா."

"பணத்தை வெச்சு நான் பிராசசரா செய்யறது? புது லைன்ல இடம் விடு."

"எங்க சேர்மன் என்னைக் கொன்னே போட்டுடுவார்!"

"அப்ப டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு."

அவன் போன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. வேறெங்காவது அவனுக்குக் கிடைத்துவிட்டால்? போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. காவிடம் மூச்சுவிடவில்லை. கேட்டிருந்தால் பணத்தை வாங்கிப் போடு என்றிருப்பார்.

அடுத்த வாரம் ஷெங்வென் வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. "பாதி இடம்" என்றான்.

"முழுசா என் பிராசசருக்கு என்ன வேணுமோ அது. இந்தக் காலாண்டுலயே."

தலையாட்டினான். லோவின் அறையில் இருவரும் இடம் மாற்றிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆலைக்கும் திருப்தி, இரண்டு லைனும் நிறைந்து ஓடும்.

யூலான் வாசலில் நின்று காவுக்குப் போன் செய்தாள். "கிடைச்சிடுச்சு. நாம கேட்டது அத்தனையும்." அவருக்குப் பின்னால் அலுவலகமே கூச்சல் போடுவது கேட்டது. யாரோ மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். காவலாளி திரும்பிப் பார்த்தான்.

ஷெங்வென் படியிறங்கி வந்தான்.

"அக்கா, பேசாம எங்க கம்பெனிக்கு வந்துடுங்க. ரெண்டு மடங்கு சம்பளம் வாங்கித் தர்றேன்."

யூலான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"நான் அங்க வந்துட்டா, உன்னை யாருடா தோற்கடிக்கிறது?"