தங்கையின் குரல் மட்டும்

தெருவுக்கே அவள் தையல்காரி. அளவெடுக்கும்போது வாயில் குண்டூசி, மற்ற நேரமெல்லாம் பாட்டு. தங்கையும் பாடுவாள். உண்மையைச் சொன்னால் தங்கைதான் பாடுவாள், அக்கா கூடவே போவாள். இதை அக்காவிடம் நேருக்கு நேர் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. கத்தரிக்கோல் அவள் கையில் அல்லவா இருந்தது!

இருவரும் சேர்ந்து உள்ளங்கையளவு ரெக்கார்டர் ஒன்று வாங்கினார்கள். தைத்த உடுப்புகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை நீட்டிப் பாடினால் எதிரொலி விழாது என்பது தங்கையின் கண்டுபிடிப்பு. முதலில் அவள் தனியாகப் பாடுவாள். பிறகு அதை ஹெட்போனில் கேட்டபடி அக்கா பாடுவாள். இரண்டையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கலப்பது அக்காவின் வேலை. கலக்கும்போது தங்கையின் குரலைக் கொஞ்சம் இறக்கிவிடுவாள். அந்தக் கொஞ்சம் பாட்டுக்குப் பாட்டு கூடிக்கொண்டே போனது. கலந்து முடித்ததும், இடத்தை அடைக்கிறதென்று தங்கையின் பதிவை அழித்துவிடுவாள். தன்னுடையதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வாள். இதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு பெயர் பின்னாளில் அவளுக்கே அகப்படவில்லை.

தங்கை காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே யாரோ மூச்சு இழுப்பது போலிருந்தது. பாட்டு எடுப்பதற்கு முன் இழுக்கும் மூச்சு. தையல்காரி உடுப்புகளை நாற்காலியில் குவிக்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னவ குரலை மட்டும் தனியா எடுத்துக் குடுடி. பாட்டைப் போட்டா உன் குரல்தான் கேக்குது. அவ எங்கயோ பக்கத்து வீட்ல பாடற மாதிரி இருக்கு."

"தனியா இல்லம்மா."

"ஏன் இல்ல? நீதானே எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தே?"

அழித்ததைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், அம்மாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே மகளும் இல்லாமல் போவாள்.

"பாக்கறேன்மா," என்றாள்.

ஒரு வழி இருந்தது. கலந்த பாட்டில் இருக்கும் தன் குரலும் தன்னிடம் இருக்கும் பதிவும் ஒன்றேதான். அந்தப் பதிவின் ஒலி அலையை மேல்கீழாகப் புரட்டிப் பாட்டின் மேல் இம்மி பிசகாமல் வைத்தால், ஐந்தில் ஐந்து போனது மாதிரி அக்கா காணாமல் போவாள். மிச்சம் தங்கை. கடைசியாகப் பாடிய பாட்டை எடுத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளினாலும் தன் குரலே தகர டப்பாவுக்குள்ளிருந்து கத்தியது. "சனியனே, ஒழிஞ்சு போயேன்!" என்று அதைத் திட்டித் தீர்த்தாள்.

நாலாவது நாள் அந்தக் குரல் ஒழிந்தது. தங்கை மட்டும் பாடினாள். அக்கா சத்தத்தைக் கூட்டினாள். கடைசி அடியைத் தங்கை சட்டென்று முடித்துவிடுவாள், அக்காதான் நீட்டி முழக்குவாள். அப்படி நீட்டும்போது கண்ணை மூடித் தன் குரலில் தானே சொக்கிப்போயிருந்தவளுக்கு, பதிவு செய்த அன்று ஹெட்போனில் வந்தது காதில் விழவே இல்லை. இப்போது விழுந்தது.

"அக்கா, இதுலயாவது என் சத்தத்தைக் குறைக்காதக்கா."

பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

திரும்பிப் பார்த்தாள். அலமாரி மூடித்தான் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அந்தச் சிரிப்புதான் கொன்றது. எல்லாம் தெரிந்தேதான் அவள் ஒவ்வொரு முறையும் முதல் ஆளாய்ப் போய்ப் பாடியிருக்கிறாள்.

பேச்சு வரும் இடத்தை மட்டும் வெட்டிவிடலாம், ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். அம்மா கேட்டது பாட்டைத்தானே? விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. அழித்த வரைக்கும் போதாதா என்று வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணீரும் சிரிப்புமாகக் கேட்டாள். பாட்டு முடிந்தது. புருவம் சுருங்கியது.

"யாருடி அவ சத்தத்தைக் குறைச்சது?"

"நான்தாம்மா."

ஹெட்போன் மாட்டியிருந்த அம்மாவுக்கு அது கேட்கவில்லை. "என்ன?" என்றாள். இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.